இலவசக் கல்வியும் ஏழைப் பெற்றோரின் தெரிவும்

இலங்கையில் வறிய குடும்பங்களுக்கு அரசாங்கப் பாடசாலையா, தனியார் பாடசாலையா என்ற கேள்வியே எழுவதில்லை என்று பலர் எண்ணுகின்றனர். தமிழகத்து நண்பர்கள் சிலர் இதனை ஓரளவு பொறாமையுடனேயே என்னிடம் கூறியதுண்டு. அங்கே கூலித் தொழிலாளியும் தன் பிள்ளையை ஆங்கிலவழித் தனியார் பள்ளியிற் சேர்க்கக் கடன்படுகிறான். உங்கள் நாட்டிலோ பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணமில்லை, பாடநூல் இலவசம், சீருடைத் துணியும் இலவசம், பிறகென்ன குறை என்பது அவர்களுடைய வாதம்.

அவர்கள் சொல்வது பொய்யன்று. ஆனால் அது பாதி உண்மையே. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக இந்நாட்டின் ஏழைப் பெற்றோர் பிள்ளையை எங்கே படிக்க வைப்பது என்ற கேள்வியோடுதான் வாழ்ந்து வந்திருக்கின்றனர். சட்டங்கள் மாறியபோது அந்தக் கேள்வியின் வடிவம் மாறியது. கேள்வி மறையவில்லை. கட்டணமும் மறைந்துவிடவில்லை, அது வேறிடத்துக்குச் சென்றது. இதனை வரலாற்று வழியில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மிசன் பள்ளியும் சைவப் பள்ளியும்

1816இல் அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தனர். 1823இல் வட்டுக்கோட்டை செமினரியும், 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையும் தொடங்கின. அக்காலத்தில் ஏழைத் தகப்பன் ஒருவனுக்கு மிசன் விடுதிப் பாடசாலை என்பது பிள்ளையின் மூன்று வேளைச் சோற்றுக்கும் உடைக்கும் ஒரு வழியாக இருந்தது. பிள்ளையின் செலவை ஏற்றுக்கொள்ளும் அமெரிக்கக் கொடையாளரின் பெயரைப் பிள்ளைக்குச் சூட்டும் வழக்கமும் இருந்தது. கறோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்றெல்லாம் பெயர்கள் தோன்றிய சூழல் அதுவே. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் தேறிய இருவரும், அதாவது கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும், செமினரியின் மாணாக்கரே.

அந்தக் கல்விக்குப் பணமாகக் கட்டணம் இல்லை. ஆனால் பெற்றோர் கொடுக்கவேண்டிய விலை ஒன்று இருந்தது. பிள்ளை வேறொரு சமயத்துக்குச் சென்றுவிடக்கூடும் என்ற அச்சமே அந்த விலை. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியதன் பின்னணியும் இதுதான். பெற்றோர் தமது சமயத்தைக் கைவிடாமலே பிள்ளையைப் படிப்பிக்க ஒரு வழி வேண்டும் என்று அவர் கருதினார். வீடு வீடாகப் பிடியரிசி திரட்டிப் பள்ளி நடத்தும் மரபு ஒன்றும் யாழ்ப்பாணத்துச் சைவர்களிடையே வளர்ந்தது.

1869இல் பொதுப் போதனாத் திணைக்களம் உருவானது. அதனையடுத்து உதவி நன்கொடை முறை நிலைபெற்றது. தனியாரும் சமயச் சங்கங்களும் பள்ளியை நடத்த, அரசாங்கம் நன்கொடை வழங்கும். ஆனால் ஏற்கெனவே நன்கொடை பெறும் பள்ளி ஒன்று அருகில் இருந்தால், புதிதாகத் தொடங்கப்படும் பள்ளிக்கு நன்கொடை கிடைப்பது அரிதாயிற்று. முந்திக்கொண்டவை மிசன் பள்ளிகள் ஆதலால், சைவரும் பௌத்தரும் நீண்டகாலம் இதனால் இடர்ப்பட்டனர். 1923இல் தொடங்கிய சைவ வித்தியா விருத்திச் சங்கம் பிற்காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பாடசாலைகளை நடத்தும் நிலைக்கு உயர்ந்தது. அதன் பொருட்டுத் தம் வாழ்நாளைச் செலவிட்டவரை மக்கள் ‘இந்து போர்ட்’ இராசரத்தினம் என்றே அழைத்தனர்.

ஆங்கிலத்துக்கு விலை, தமிழுக்கு விலையில்லை

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டணக் கோடு மொழியை ஒட்டி வரையப்பட்டிருந்தது. தமிழ்மொழிப் பள்ளியிலும் சிங்களமொழிப் பள்ளியிலும் கட்டணம் இல்லை. ஆங்கிலப் பள்ளியில் கட்டணம் உண்டு. எழுதுவினைஞர் வேலை, புகையிரதப் பகுதி வேலை, மலாயாவில் உத்தியோகம் ஆகிய யாவும் ஆங்கிலம் கற்றவர்க்கே. ஆகவே தமிழ்ப் பள்ளி பிள்ளையைக் கிராமத்தில் வைத்திருக்கும், ஆங்கிலப் பள்ளி பிள்ளையைக் கிராமத்துக்கு வெளியே அனுப்பும் என்பது பெற்றோர் கணக்கு.

இந்தக் கணக்கில் ஏழைக் கமக்காரன் செய்தது என்ன? எல்லாப் பிள்ளைகளையும் ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்ப அவனால் முடியாது. எனவே ஒரு பிள்ளையைத் தெரிவு செய்தான். பெரும்பாலும் மூத்த மகனை, அல்லது கெட்டிக்காரன் என்று ஆசிரியர் சொன்ன மகனை. காணியை ஈடு வைத்தும், மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்தும் அவனுக்குக் கட்டணம் கட்டினான். மற்றைய பிள்ளைகள் ஊர்த் தமிழ்ப் பள்ளியோடு நின்றனர். பெண்பிள்ளைகளின் பங்கு பெரும்பாலும் அங்கேயே முடிந்தது. உத்தியோகம் பெற்றவன் தம்பியரைப் படிப்பிக்கவும் சகோதரியரின் சீதனத்துக்கும் கடமைப்பட்டவனானான். யாழ்ப்பாணக் குடும்பங்களில் ‘மலாயன் பென்சன்’ பெற்ற பெருமையின் பின்னால், படிக்காமல் நிறுத்தப்பட்ட சகோதரிகளின் கதையும் இருக்கிறது. அக்கதை பெரும்பாலும் எழுதப்படவில்லை.

பள்ளி வாசலில் சாதி

வறுமையைப் பற்றிப் பேசும்போது சாதியை விட்டுவிட்டுப் பேசினால் வடபகுதியின் கல்வி வரலாறு விளங்காது. ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பெற்றோர் கட்டணத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்னரே, பள்ளி தம் பிள்ளையை உள்ளே விடுமா, விட்டால் வாங்கில் இருத்துமா அல்லது நிலத்தில் இருத்துமா என்று யோசிக்க வேண்டியிருந்தது. மிசன் பள்ளிகள் இவ்விடயத்தில் ஏனையவற்றைவிட முந்தி வழிவிட்டன. ஆனால் அவையும் உயர்சாதியினர் என்று தம்மைக் கருதியோரின் எதிர்ப்புக்கு அஞ்சிப் பல இடங்களில் தயங்கவே செய்தன.

1930ஆம் ஆண்டளவில் நன்கொடை பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் வழங்கப்பட வேண்டும் என்று அரசாங்கம் பணித்தபோது பெரும் கொந்தளிப்பு எழுந்தது. பிள்ளைகள் பள்ளியிலிருந்து விலக்கப்பட்டனர். சில பள்ளிகள் தீக்கிரையாயின. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சம ஆசனத்தின் பக்கம் நின்றது. ஆனாலும் நடைமுறையில் மாற்றம் மெல்லவே வந்தது. பொதுப்பணத்தில் நன்கொடை பெற்ற பல பள்ளிகளின் கதவு, தனியார் முகாமையாளரின் விருப்பத்துக்கேற்பத் திறந்தும் மூடியும் கிடந்தது.

இதனாலேயே சிறுபான்மைத் தமிழர் மகாசபை தமது மக்களுக்கு அரசாங்கப் பாடசாலைகள் வேண்டும் என்று தொடர்ந்து கோரியது. 1956ஆம் ஆண்டின் பின்னர், டபிள்யூ. தகநாயக்கா கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், எம். சி. சுப்பிரமணியம் போன்றோரின் முயற்சியால் வடபகுதியில் அத்தகைய அரசாங்கப் பாடசாலைகள் பல திறக்கப்பட்டன. அது தனிச்சிங்களச் சட்டம் நிறைவேறிய அதே அரசாங்கத்தின் காலம் என்பதை வாசகர்கள் அறிவர். தமிழ் மொழிக்கு அநீதி இழைத்த அதே அரசின் கையிலிருந்து, சக தமிழர் மறுத்த பள்ளிக்கூடத்தைப் பெறவேண்டிய நிலைக்கு ஒரு பகுதித் தமிழ்ப் பெற்றோர் தள்ளப்பட்டிருந்தனர். நம்மிற் பலர் இதனை நினைவுகூர விரும்புவதில்லை. அந்தப் பெற்றோருக்கு ‘அரசாங்கப் பாடசாலை’ என்ற சொல்லுக்கு மலிவானது என்பது பொருளன்று. கேட்டுப்பெற வேண்டியிராத உரிமை என்பதே பொருள்.

கன்னங்கராவின் திட்டம்

1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. அரசாங்க சபையின் கல்வி அமைச்சராக சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா 1947 வரை இருந்தார். தாமே புலமைப்பரிசில் பெற்று காலி றிச்மண்ட் கல்லூரியிற் கற்றவர் அவர். அவர் தலைமையிலான விசேட குழுவின் அறிக்கை 1943இல் வெளிவந்தது. 1945 ஒக்டோபர் 1ஆம் திகதி முதல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. நாட்டின் பல பாகங்களிலும் 54 மத்திய பாடசாலைகள் எழுந்தன. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பெற்ற கிராமத்துப் பிள்ளை அங்கே விடுதியிலிருந்து ஆங்கிலமும் விஞ்ஞானமும் கற்கலாம் என்ற நிலை வந்தது.

ஏழைப் பெற்றோரின் தெரிவில் இது எத்தகைய மாற்றத்தைச் செய்தது என்பதைக் கணிக்க வேண்டும். முன்னர் ஒரு பிள்ளையை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பக் காணியை ஈடு வைத்தவன், இனி எல்லாப் பிள்ளைகளையும் அனுப்பலாம் என்று நினைத்துப் பார்க்க முடிந்தது. பெண்பிள்ளைகளின் கல்விக்கு நேர்ந்த நன்மைகளில் இதற்கு இணையாக வேறொன்றைச் சொல்வது கடினம். எனினும் சமய நிறுவனங்களின் பெரிய கல்லூரிகள் பல உடனடியாகத் திட்டத்தில் இணையவில்லை. இணைவதா விலகுவதா என்ற இழுபறி 1951 வரை நீடித்தது. இணைந்தவையும் வசதிக் கட்டணம் என்ற பெயரில் சிறுதொகை அறவிட்டு வந்தன.

சுவீகரிப்பு

1960 யூலையில் பதவிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கத்தில் கல்வி அமைச்சராக இருந்தவர் பதியுதீன் மஹ்மூத். 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தாலும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டத்தாலும் நன்கொடை பெற்ற பாடசாலைகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை அரசாங்கத்தின் கைக்கு மாறின. கத்தோலிக்கப் பெற்றோர் பள்ளிக் கட்டடங்களுள் புகுந்து இரவுபகலாகக் காவல் இருந்தனர். அப்போராட்டத்தைத் தணிக்கப் பம்பாயிலிருந்து கர்தினால் வலேரியன் கிரேசியஸ் வரவேண்டியிருந்தது.

பெரிய பாடசாலைகளுக்கு மட்டும் ஒரு வழி விடப்பட்டது. நன்கொடை பெறாமலும் கட்டணம் அறவிடாமலும் தனியாராகவே நீடிக்கலாம் என்பதே அது. யாழ்ப்பாணத்தில் பரி. யோவான் கல்லூரி, சுண்டுக்குளி மகளிர் கல்லூரி, வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி முதலியன அவ்வழியைத் தெரிந்தன. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியும் அரசாங்கப் பாடசாலைகளாயின. பழைய மாணவரின் நன்கொடையிலும் ஆசிரியரின் தியாகத்திலும் தங்கியிருந்த தனியார் கல்லூரிகளின் அந்த ஆண்டுகள் மிகவும் கடினமானவை. அரசாங்கம் ஆசிரியர் சம்பளத்தை வழங்கும் ஏற்பாடு பிற்காலத்திலேயே அவற்றுக்குக் கிடைத்தது.

சுவீகரிப்பைத் தமிழரின் நிறுவனங்கள் பறிபோன நிகழ்வாகவே பலர் எழுதியுள்ளனர். அதில் நியாயம் இருக்கிறது. ஆசிரியர் நியமனமும் இடமாற்றமும் கொழும்பின் கைக்குச் சென்றன; அரசியல்வாதியின் துண்டுக்கடிதம் பாடசாலைக்குள் நுழைந்தது. ஆயினும் முன்னர் முகாமையாளரின் தயவில் வாசலில் நின்ற பெற்றோர், இப்பொழுது சட்டத்தைச் சுட்டிக்காட்டி உள்ளே செல்ல முடிந்தது என்பதும் உண்மையே. ஒரே சட்டத்தை இரு சாராரும் இரு வேறு விதமாக நினைவு வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

மலையகத்தின் தனிக்கதை

இந்த மாற்றங்களெல்லாம் தோட்டத் தொழிலாளரின் லயங்களை எட்டவில்லை. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் கல்விப் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்திடமே விட்டது. துரைமார் நடத்திய ஓராசிரியர் பள்ளி, பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. அதுவும் ஒருவகைத் தனியார் பள்ளியே. ஆனால் அங்கே தனியார் என்றால் உயர்வு என்பதன்று பொருள். கைவிடப்பட்டது என்பதே பொருள். 1970களின் பிற்பகுதியிலிருந்து படிப்படியாகவே தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தால் பொறுப்பேற்கப்பட்டன. ஏனைய பிள்ளைகள் 1945இல் பெற்ற உரிமையைத் தோட்டப் பிள்ளைகள் பெற மேலும் ஒரு தலைமுறை கழிந்தது.

நான் நாளேட்டில் பணியாற்றிய காலத்தில் ஹட்டன் பகுதியில் கொழுந்து பறிக்கும் தாயொருவரிடம் பேசியபோது, அவர் சொன்ன பதில் இன்றும் நினைவில் உள்ளது. “தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குக் காசு வேணாங்க ஐயா. ஆனா அங்க படிச்சா மறுபடி இந்த மலைக்குத்தாங்க வரணும். நாலு புள்ளையில ஒருத்தனத்தான் டவுனுக்கு அனுப்ப முடியுது. பஸ் காசு அவ்வளவுதாங்க இருக்கு” என்றார். டவுன் பாடசாலையும் அரசாங்கப் பாடசாலையே. கட்டணம் அங்கும் இல்லை. ஆனால் நூற்றாண்டின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்துக் கமக்காரன் செய்த அதே தெரிவை, இலவசக் கல்வி வந்து பல பத்தாண்டுகளின் பின் அந்தத் தாய் செய்துகொண்டிருந்தார்.

இன்றைய தெரிவு எங்கே நிகழ்கிறது?

1961ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயக் கல்வி வயதுப் பிள்ளைகளுக்குப் புதிய தனியார் பாடசாலைகள் தொடங்குவதைத் தடுத்தது. அத்தடையைச் சுற்றிக்கொண்டு, 1980களிலிருந்து கம்பனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யப்பட்ட சர்வதேசப் பாடசாலைகள் தோன்றின. முதலில் கொழும்புச் செல்வந்தருக்கு உரியனவாக இருந்தவை, பின்னர் சிறு நகரங்களுக்கும் பரவின. ஆங்கிலம் என்ற ஒரு சொல்லுக்காக முச்சக்கரவண்டிச் சாரதியும் சிறுகடைக்காரரும் அங்கே மாதக் கட்டணம் கட்ட முனைகின்றனர். 2022இன் பொருளாதார நெருக்கடியில் கொப்பிகளின் விலையே தாங்க முடியாததாகியபோது, அத்தகைய குடும்பங்களே முதலில் தடுமாறின.

எனினும் பெரும்பான்மையான ஏழைப் பெற்றோரின் தெரிவு நிகழ்வது அரசாங்கப் பாடசாலைகளுக்கு இடையிலேயே. நாட்டில் சுமார் பத்தாயிரம் அரசாங்கப் பாடசாலைகள் உள்ளன. அவற்றில் உயர்தரத்தில் விஞ்ஞானம் உட்பட எல்லாத் துறைகளும் கொண்ட ‘1ஏபி’ பாடசாலைகள் பத்தில் ஒன்றளவே. அவற்றில் முதலாம் வகுப்பு அனுமதி பெற, வீட்டின் தூரமும் காணி உறுதியும் வாக்காளர் இடாப்பும் பார்க்கப்படுகின்றன. நீண்டகாலம் நடைமுறையிலிருந்த சுற்றறிக்கையின்படி பாதி இடங்கள் அருகில் வசிப்போருக்கு. கால்வாசி பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு. அறைவீட்டில் வாடகைக்கு இருப்பவரிடம் உறுதியும் இல்லை; அவர் அக்கல்லூரியின் பழைய மாணவரும் அல்லர். விதி எவரையும் ஏழை என்று விலக்கவில்லை. ஆனால் விலக்கப்பட்டவர் பெரும்பாலும் ஏழைகளாக இருக்கின்றனர். அனுமதி கிடைத்தபின்னும் பாடசாலை அபிவிருத்திச் சங்கம், அன்பளிப்பு, வசதிக் கட்டணம் என்று பணம் கேட்கப்படுகிறது.

அடுத்தது ரியூசன். 1970களில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்தபின், ஒவ்வொரு புள்ளியும் ஒரு வாழ்க்கையைத் தீர்மானிக்கும் நிலை யாழ்ப்பாணத்தில் உருவானது. ரியூட்டரிகள் பெருகின. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெய் விலை எட்டாத உயரத்தில் இருந்தது. ஜாம் போத்தல் விளக்கொளியில் படித்த பிள்ளைகள் அப்போதும் ரியூட்டரிக் கொட்டில்களுக்குச் சென்றனர். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது, மக்கள் போய்ச் சேர்ந்த இடங்களில் வகுப்புகள் மரநிழல்களில் மீண்டும் தொடங்கின. இன்று ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலுக்கே ரியூசன் இன்றியமையாததாகிவிட்டது. ஏழைப் பிள்ளையை நல்ல பாடசாலைக்கு ஏற்றிவிட அமைத்த ஏணியில் ஏறவும் இப்போது பணம் வேண்டியிருக்கிறது. வெளிநாட்டில் உறவினர் உள்ள வீட்டில் அப்பணம் கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ வருகிறது. அப்படி எவரும் இல்லாத வீட்டில் நகை அடகுக்கடைக்குப் போகிறது.

எது தீர்வு?

பெற்றோருக்குத் தெரிவுச் சுதந்திரம் வேண்டும், ஆகவே தனியார் பாடசாலைகளைத் தாராளமாக அனுமதியுங்கள் என்று ஒரு சாரார் வாதிடுகின்றனர். மேற்சொன்ன வரலாறு அவ்வாதத்துக்குத் துணைசெய்யவில்லை. தனியார் கையில் கல்வி இருந்த காலத்தில் தெரிவு செய்தவர்கள் பெற்றோர் அல்லர், முகாமையாளர்களே. அதேவேளை எல்லாம் அரசாங்கத்தின் கையில் இருக்கிறது, ஆகவே எல்லோரும் சமம் என்ற வாதமும் நிற்காது. சட்டத்தில் கட்டணத்தை நீக்கிய அரசு, ஆசிரியரைச் சமமாகப் பங்கிடவில்லை. நகரக் கல்லூரிகளில் ஆசிரியர் மிகையாக இருக்க, வன்னியிலும் மலையகத்திலும் கணித, விஞ்ஞான, ஆங்கில ஆசிரியர் இன்றிப் பாடசாலைகள் நடக்கின்றன. மாணவர் தொகை ஐம்பதுக்கும் குறைந்த பாடசாலைகள் நாட்டில் ஆயிரத்துக்கும் மேல் உள்ளன. அவற்றிற் படிப்போர் பெரும்பாலும் வேறெங்கும் செல்ல வசதியற்ற வீட்டுப் பிள்ளைகள்.

வசதியுள்ளவர் தெரிவு செய்வது தமக்கு விருப்பமான பாடசாலையை. வறியவர் தெரிவு செய்வதோ பெரும்பாலும் எந்தப் பிள்ளையைப் படிப்பிப்பது, எந்தப் பிள்ளையை நிறுத்துவது என்பதை. 1945இன் சீர்திருத்தம் இந்த இரண்டாவது தெரிவை ஒழிக்கவே வந்தது. வீட்டுக்கு அண்மையிலுள்ள பாடசாலையில் எல்லாப் பாடங்களுக்கும் ஆசிரியர் இருந்தால், மலையகத்துத் தாய் பஸ் காசை நாலு பிள்ளைகளுக்குப் பங்கிட்டுப் பார்க்க வேண்டியதில்லை. ஆசிரியர் நியமனமும் இடமாற்றமும் அதற்கேற்ப அமையும் வரை, நம்முடைய இலவசக் கல்வி முற்றுப்பெறாத ஒரு வேலையாகவே இருக்கும்.